நுவரெலியா ஜெட் போட், யமஹா 701: கம்ப்ரஷன் முன் 116, பின் 84. ரெண்டையும் ரீபோர் பண்ணணுமா?

கிரகரி_கரை
எல்லாருக்கும் வணக்கம். கிரகரி வாவியில ஆள் ஏத்துற ஜெட் போட். யமஹா 701, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், ரெண்டு மிக்குனி கார்புரேட்டர். ஒயில் பம்ப் கழட்டியிருக்கு, பெற்றோல்லயே கலந்துதான் ஊத்துறது.

குறை இதுதான்: காலைல ஸ்டார்ட் எடுக்க நேரமாகுது. முழு த்ரொட்டில்ல முந்தி 6,000 காட்டின டாக்கோ (நிமிசத்துக்கு என்ஜின் எத்தனை சுத்துன்னு காட்டுற மீற்றர்) இப்ப 5,300க்கு மேல ஏறல. கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள காத்து நசுங்குற அழுத்தம் பாக்கிறது) போட்டதுல முன் சிலிண்டர் 116 பிஎஸ்ஐ, பின் சிலிண்டர் 84. இந்த என்ஜினுக்கு 145, 150 வரணும்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. அந்தக் கணக்குப்படி ரெண்டுமே போச்சு, ரெண்டையும் ரீபோர் பண்ணி (சுவரைச் சீவி அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுங்கன்னு கராஜ்ல சொல்றாங்க. ஏப்ரல் சீசனுக்கு முன்னாடி போட் தண்ணியில இறங்கணும். எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

லயம்_எண்3
முன் சிலிண்டர் போகல தம்பி. அதை முதல்ல மனசுல வச்சுக்குங்க.

புத்தகத்துல இருக்கிற 145 கடல் மட்டத்துக் கணக்கு. வாவி இருக்கிறது சுமார் 1,870 மீற்றர் உயரத்துல. அங்க காத்தழுத்தம் கீழ இருக்கிறதுல 80 சதவீதம்தான். சிலிண்டருக்குள்ள போற காத்தே கொறஞ்சு போனா, அதை நசுக்கி வர்ற அழுத்தமும் அதே அளவு கொறையும். கேஜ் நம்பரை அப்படியே 0.8ஆல பெருக்கலாம். 145ஐப் பெருக்கினா 116. உங்க முன் சிலிண்டர் புத்தகத்துல சொன்னபடியேதான் நிக்குது.

கண்டிப் பக்கம் 500 மீற்றர்ல இதே என்ஜின் 136 காட்டும், ஹட்டன் உயரத்துல 124, 125. ஒரே என்ஜின், மூணு ஊர்ல மூணு நம்பர். அதனால "100க்குக் கீழ வந்தா பெட்டியைக் கட்டு"ங்கிற பேச்சு மலைநாட்டுக்கு ஒத்து வராது.

பார்க்க வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம். 10 சதவீதம் வரைக்கும் பரவாயில்ல. உங்களுக்கு 28 சதவீதம். பின் சிலிண்டர்ல நிச்சயமா ஏதோ இருக்கு. அது ரிங்கா, சிலிண்டர் சுவரா, ஹெட் கேஸ்கட்டான்னு இந்தக் கேஜ் சொல்லாது.

திருமலை_அவுட்போர்ட்
மேல உள்ளது சரி. ஆனால் 116ஐயும் 84ஐயும் நம்பிறதுக்கு முதல் எப்படி எடுத்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ. பிழையாக எடுத்தால் நல்ல என்ஜினும் 90 காட்டும்.

பற்றறி முழுச் சார்ஜில, 12.6 வோல்ட் நிக்க வேணும். ஸ்டார்ட்டர் சுத்தேக்க 10க்குக் கீழ விழுந்தால் அந்த வாசிப்பை எறிஞ்சு விடுங்கோ. உங்கட ஊர்க் குளிருக்குக் காலமை பற்றறி பாதி உசிரோடதான் இருக்கும்.

ரெண்டு பிளக்கையும் கழட்டுங்கோ. ஒண்டை மட்டும் கழட்டினால் மற்றச் சிலிண்டர் இழுத்துப் பிடிச்சு வேகம் குறையும். கழட்டின பிளக் வயர் ரெண்டையும் என்ஜின் உடம்பில எர்த் பண்ணுங்கோ, இல்லாட்டி பிளக்குக்கு ஸ்பார்க் குடுக்கிற சிடிஐ யூனிட் போகும். த்ரொட்டிலை முழுக்கத் திறந்து பிடிச்சுக்கொண்டு சுத்த வேணும். கனபேர் விடுற பிழை இதுதான். மூடியிருந்தால் காத்தே உள்ள போகாது, 20, 30 பிஎஸ்ஐ சும்மா குறையும். ஊசி ஏறுறது நிக்கும்வரை, ஆறேழு அடி. மூண்டு தரம் எடுத்து மூண்டையும் எழுதுங்கோ.

பிறகு கேஜ். குழாய் முனையில, பிளக் ஓட்டைக்குக் கிட்டவே ஒரு வால்வு இருக்க வேணும். அது கேஜ் பக்கத்தில இருந்தால் குழாய்க்குள்ள இருக்கிற இடமெல்லாம் எரியறையோட சேர்ந்து நம்பர் இறங்கும். அந்த வால்வு பழுதாப் போய் டயர் வால்வை மாட்டியிருக்கினமோ எண்டும் பாருங்கோ. டயர் வால்வில ஸ்பிரிங் கடினம், அதுவும் குறைச்சுக் காட்டும். உங்கட என்ஜினுக்கு வாற பிளக் 12.7 மி.மீ. நீளப் புரி. கார் பிளக்குக்கான 19 மி.மீ. அடாப்டரைப் பூட்டினால் முனை உள்ளுக்க நீட்டி நிக்கும், பிஸ்டன் தட்டினாலும் தட்டும்.

கிரகரி_கரை
த்ரொட்டில் மூடித்தான் இருந்திருக்கு அண்ணே. ஆனா திறந்து எடுத்தும் பெரிய மாற்றம் இல்ல: முன் 118, 118, 117. பின் 86, 85, 86. பற்றறி சுத்தும்போது 10.4. அடாப்டர் குட்டைதான்.

பதுளை_லேத்
மூடி வச்சு 116, திறந்து 118ஆ? அப்ப கார்புரேட்டர் பட்டர்ஃப்ளை (காத்தைத் திறந்து மூடுற தகடு) முழுக்க மூடல, ஐடில் ஸ்க்ரூ ரொம்ப உள்ள போயிருக்கு. சரியா ஸ்டார்ட் ஆகலன்னு யாரோ முறுக்கி வச்சிருப்பாங்க. குறிச்சு வைங்க, கடைசியில அதையும் சரி பண்ணணும்.

இன்னொரு விசயம். கம்ப்ரஷனைத் தொடுறதுக்கு முன்னாலேயே டாக்கோ உங்களுக்குப் பாதி பதிலைச் சொல்லிருச்சு. ஜெட்டுல இம்பெல்லர் (பம்புக்குள்ள தண்ணியைத் தள்ளுற சுழலி) எப்பவும் தண்ணிக்குள்ள ஒரே மாதிரிச் சுமையைத்தான் தள்ளுது. ஆள் ரெண்டு பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் முழு த்ரொட்டில் ஆர்பிஎம் அவ்வளவா மாறாது. வெளிய ப்ரொப்பெல்லர் தொங்குற போட்டுல அப்படி இல்ல, அங்க சுமை ஏறினா ஆர்பிஎம் இறங்கும். அதனால ஜெட் போட்டுல டாக்கோவே ஒரு சக்தி மீற்றர் மாதிரி.

ஆர்பிஎம் ஏறுது, போட் ஓடல: குறை பம்புல. இம்பெல்லர் விளிம்பு தேஞ்சிருக்கும், இல்ல அதைச் சுத்தி இருக்கிற வெயார் ரிங்குக்கும் அதுக்கும் உள்ள இடைவெளி 0.6 மி.மீ. தாண்டியிருக்கும், இல்ல இன்டேக் கிறில்ல பாசி சுத்தியிருக்கும்.
ஆர்பிஎம்மே ஏறல, போட்டும் ஓடல: குறை என்ஜின்ல.

உங்களுக்கு ரெண்டாவது. இம்பெல்லர் கேக்குற சக்தி ஆர்பிஎம்மோட மும்மடிக்கு ஏறும். கடல் மட்டத்துல 6,500 சுத்துற என்ஜின் உங்க உயரத்துல 20 சதவீதம் சக்தி இழந்தா ஏறக்குறைய 6,030ல நிக்கும். முந்தி 6,000 காட்டிச்சுன்னு சொன்னீங்க, கணக்கு ஒத்துப் போகுது. இப்ப 5,300. மும்மடி போட்டுப் பாத்தா மிச்சம் இருக்கிறது 69 சதவீதம். அதாவது மூணுல ஒரு பங்கு சக்தி காணாமப் போயிருக்கு. ரெண்டு சிலிண்டர்ல ஒண்ணு பாதிக்கும் கீழதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

காசல்ரீ_அலை
இடையில ஒரு கேள்வி. இங்க நாலு ஸ்ட்ரோக் ஜெட் ஒண்ணு இருக்கு. அதுக்கும் இந்த 0.8 கணக்குத்தானா?

லயம்_எண்3
காசல்ரீ கிரகரியை விடத் தாழ்வு. ஹட்டன் கணக்கையே எடுங்க, 0.86, 0.87 சுத்தி. நாலு ஸ்ட்ரோக்ல கூடியதுல 75 சதவீதத்துக்குக் கீழ எந்தச் சிலிண்டரும் இருக்கக் கூடாது. சில நாலு ஸ்ட்ரோக்ல ஸ்டார்ட் லேசாக டிகம்ப்ரஷன் அமைப்பு இருக்கு, அதுல சுத்திப் பாக்கும்போது நம்பர் கொறச்சுத்தான் வரும். வால்வ் கிளியரன்ஸ் இறுகினாலும் கம்ப்ரஷன் போகும், என்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க.

போட் கவிழ்ந்து தண்ணி குடிச்ச என்ஜின்னா கனெக்டிங் ராட் வளைஞ்சிருக்கலாம். எல்லா பிஸ்டனையும் ஒவ்வொண்ணா மேல் முனைக்குக் கொண்டு வந்து, பிளக் ஓட்டையில ஒரு கம்பி விட்டு உயரத்தை ஒப்பிடுங்க. ஒண்ணு மட்டும் ஒரு மி.மீ. தாழ்ந்து நின்னா ராட் வளைஞ்சிருக்கு. தனி இழை போடுங்க, இங்க கலக்க வேணாம்.

நோர்வூட்_ஸ்பேனர்
கிரகரி_கரை, பின் சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் ஒயில் விட்டு மறுபடி எடுத்துப் பாருங்க. ஏறினா ரிங், ஏறலன்னா கேஸ்கட். முடிஞ்சுது வேலை.

பதுளை_லேத்
டூ ஸ்ட்ரோக்ல அவ்வளவு லேசா முடியாது. 350 சிசி சிலிண்டர்ல எரியறை 50, 60 மில்லிதான். 5 மில்லி ஒயில் விட்டா அறையே பத்துல ஒரு பங்கு சின்னதாகும். நல்ல சிலிண்டர்லயும் நம்பர் ஏறத்தான் செய்யும். ரெண்டுலயும் சம அளவு விட்டு ஏற்றத்தை ஒப்பிட்டா மட்டும் பிரயோசனம் இருக்கு.

கிரகரி_கரை
ரெண்டுலயும் ஊசிச் சிரிஞ்சால 5 மில்லி விட்டேன். முன் 118ல இருந்து 127. பின் 86ல இருந்து 109.

பதுளை_லேத்
முன்ல ஏறின 9 ஒயில் அடைச்ச இடத்தால வந்தது. பின்ல ஏறினது 23. அதுல அந்த 9ஐக் கழிச்சாலும் 14 மிச்சம், அது ரிங் பக்கம் அடைச்சதால வந்தது. அறிகுறி ரிங் அல்லது சுவர். இதை வச்சு ரீபோர் ஓடர் குடுத்துறாதீங்க. அடுத்தது லீக் டவுன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து விட்டு எத்தனை சதவீதம் ஒழுகுதுன்னு பாக்கிறது.

கம்ப்ரசர், ரெகுலேட்டர், ரெண்டு கேஜ், நடுவுல 1 மி.மீ. ஓட்டை. பிஸ்டனை மேல் முனையில நிறுத்திக் காத்து விடணும். கார்ல 100 பிஎஸ்ஐ விடுவாங்க. இங்க விடாதீங்க. 81 மி.மீ. பிஸ்டன் மேல 100 பிஎஸ்ஐ விழுந்தா 360 கிலோ பாரம். மேல் முனையில இருந்து கொஞ்சம் விலகினாலும் கிராங்க் சுழண்டு அடிக்கும். ஜெட்டுக்கு நியூட்ரல் கிடையாது, இம்பெல்லரும் சேர்ந்து சுத்தும், அதுக்குள்ள கை இருந்தா விரல் போகும். 40 பிஎஸ்ஐ போதும். கப்ளிங்கைப் பட்டி ஸ்பேனர்ல ஒருத்தர் பிடிச்சுக்கணும்.

எங்க ஊதுதுன்னு காதை வச்சுக் கேளுங்க:
கார்புரேட்டர் வாயில இரைச்சல்னா ரிங் தாண்டிக் கிராங்க் கேஸுக்குள்ள காத்து இறங்கி, ரீட் (கார்புரேட்டர்ப் பக்கத்துத் தகடு வால்வு) வழியா ஒழுகுது.
பக்கத்துப் பிளக் ஓட்டையில வந்தா ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல கேஸ்கட் போச்சு.
தண்ணிப் பாதைக்குள்ள போனா ஹெட் கேஸ்கட், இல்ல ஹெட் வளைவு. கார்னா ரேடியேட்டர்ல குமிழி பாக்கலாம். ஜெட்டுல ரேடியேட்டர் இல்லையே, வாவித் தண்ணி ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போயிரும். ஹெட்டுல இருந்து வெளியேறுற குழாயைக் கழட்டி, நிமிர்த்திப் பிடிச்சு, தண்ணி நிரப்பி வைங்க. குமிழி வந்தா அதுலயே தெரியும்.

கிரகரி_கரை
முன் 12 சதவீதம் ஒழுக்கு. பின் 42. பின் கார்புரேட்டர் வாயில நல்லாவே சத்தம் கேக்குது. குழாய்த் தண்ணியில பத்து நிமிசம் பாத்தும் குமிழி இல்ல.

லயம்_எண்3
அப்ப கேஸ்கட்டை விட்டுறலாம். எக்சோஸ்ட் மேனிஃபோல்டைக் கழட்டுங்க, பிஸ்டனை மேல கீழ நகர்த்தி எக்சோஸ்ட் போர்ட் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. ரிங் தெரியிற இடத்துல மரக்குச்சியால லேசா அமுக்குங்க. நல்ல ரிங் அமுங்கித் திரும்ப எழும்பும். அசையாம இருந்தா பள்ளத்துல ஒட்டிப் போச்சு.

பிஸ்டன் பக்கவாட்டுல கீறல் எப்படி இருக்குங்கிறதுதான் காரணத்தைச் சொல்லும். எக்சோஸ்ட் பக்கம் மட்டும் செங்குத்தாக் கீறல்னா சூடு: பெற்றோல் குறைஞ்சு ஓடியிருக்கு, இல்ல கூலிங் தண்ணி அடைபட்டிருக்கு. நாலு மூலையிலும் கீறல்னா குளிர்ல இறுகினது. இது உங்க ஊர் வியாதி. விடியக்காலைல தண்ணி ஜில்லுனு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ண உடனே முழு த்ரொட்டில் குடுத்தா, பிஸ்டன் வீங்கிரும், சுத்தித் தண்ணி ஓடுற சிலிண்டர் வீங்காது. இன்டேக் பக்கம் கீறல்னா தண்ணியோ மண்ணோ உள்ள போயிருக்கு.

கிரகரி_கரை
எக்சோஸ்ட் பக்கம் மட்டும் கீறல், நகத்துல தட்டுப்படுது. மேல் ரிங் அசையல. பிஸ்டன் மேல அந்தப் பக்கம் மண்ணிறப் பசை மாதிரி படிஞ்சிருக்கு. த்ரீவீலுக்கு விக்கிற 2டி (டூ ஸ்ட்ரோக்) ஒயில்தான் கலக்குறது, லீற்றருக்கு 20 மில்லி.

நோர்வூட்_ஸ்பேனர்
அப்ப ஒயில்தான் குற்றவாளி.

திருமலை_அவுட்போர்ட்
ஒயில் ஒரு காரணம், முழுக் காரணம் இல்லை. தண்ணியால குளிராகிற என்ஜினுக்கு டிசி-டபிள்யு3 தரம் உள்ள ஒயில் வேணும். த்ரீவீல் ஒயில் காத்தால குளிராகிற சூட்டு என்ஜினுக்குச் செய்தது. அதில உள்ள சாம்பல் சேர்க்கை தண்ணி என்ஜினில சரியா எரியாமல் ரிங் பள்ளத்தில படியும். ஆனால் ரெண்டு சிலிண்டரும் ஒரே டாங்கி ஒயிலைத்தானே குடிச்சது? முன்னது 118 காட்டுதே. பின்னுக்கு மட்டும் சூடு ஏன் எண்டதைக் கண்டுபிடியாமல் புது பிஸ்டன் போட்டால், சீசன் முடிய முதல் அதுவும் இதே கதியாத்தான் போகும்.

லயம்_எண்3
அதேதான். பின் சிலிண்டருக்கு மட்டும்னா மூணு இடம் பாக்கணும்.

முதல்ல பின் கார்புரேட்டர். மிக்குனியில பம்ப் மூடிக்கு அடியில விரல் நகம் அளவு ஒரு சின்ன வலை வடிகட்டி இருக்கு. வெளிய பெரிய ஃபில்டர் மாத்தினவங்க பாதிப் பேருக்கு இது இருக்கிறதே தெரியாது. அது அடைபட்டா ஐடில்ல ஒண்ணும் தெரியாது, முழு த்ரொட்டில்ல மட்டும் அந்தச் சிலிண்டர் பட்டினி கிடக்கும்.

ரெண்டாவது பின் கிராங்க் சீல். போனா அது வழியாக் காத்து இழுத்துக் கலவை மெலியும். கார்புரேட்டர் வாயையும் எக்சோஸ்டையும் ரப்பர் தகடு வச்சு அடைச்சு, 7 பிஎஸ்ஐ காத்து ஏத்தி விடுங்க. நிமிசத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல இறங்கினா சவர்க்கார நுரை பூசிப் பாருங்க. 10 பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதீங்க, நல்ல சீலும் வெளிய வந்துரும். பிஸ்டனைக் கழட்டுறதுக்கு முன்னாலேயே இதைச் செய்யணும், பிறகு காத்தை அடைச்சு வைக்க முடியாது.

மூணாவது தண்ணிப் பாதை. கிரகரியில வண்டல் அதிகம், மழைக்கு மரக்கறித் தோட்ட மண்ணெல்லாம் அங்கதான் வந்து இறங்குது. அது வாட்டர் ஜாக்கெட் அடியில களிமண்ணாப் படியும். பிளாக் கழட்டினதும் வளையிற கம்பி விட்டுச் சுரண்டுங்க.

கிரகரி_கரை
வலை வடிகட்டி! பாதிக்கு மேல பச்சைப் பசை. முன் கார்புரேட்டர்ல சுத்தம். கிராங்க் கேஸ் 7ல இருந்து அஞ்சு நிமிசத்துல 6.5தான் இறங்குச்சு. அப்ப சீல் நல்லா இருக்கு. பிளாக் கழட்டியாச்சு, ஜாக்கெட்ல வண்டல் கொஞ்சம்தான்.

பதுளை_லேத்
அந்தப் பச்சை டாங்கியில இருந்துதான் வந்திருக்கும். டாங்கி அடியில தண்ணி இருக்கான்னு பாருங்க. டாங்கியைக் கழுவாம வலையை மட்டும் துடைச்சு மாட்டினா ரெண்டு மாசத்துல திரும்ப வரும். பெற்றோல் குழாய்களையும் மாத்திருங்க.

இப்ப சிலிண்டர். சுவர்ல அலுமினியம் ஒட்டியிருந்தா அது கீறல் இல்ல, மேல படிஞ்சது. இரும்பு ஸ்லீவ்ங்கிறதால ஐதரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுல தொட்டு அந்த இடத்துல மட்டும் வச்சா நுரைச்சுக் கரையும். கையுறை போட்டு வெளியில வச்சுச் செய்யுங்க, முடிஞ்சதும் நிறையத் தண்ணி. பிறகு அளவு: மேல், நடு, கீழ், ஒவ்வொண்ணுலயும் நீளவாட்டு, குறுக்குவாட்டு, மொத்தம் ஆறு. மேலுக்கும் கீழுக்கும் 0.08 மி.மீ.க்கு மேல, வட்டம் கோணினது 0.05க்கு மேல வித்தியாசம் வந்தா ரீபோர்தான். அந்த அளவுக்குள்ள இருந்தா ஹோன் பண்ணி (சுவரை லேசாத் தேய்ச்சு) புது பிஸ்டன், ரிங் போட்டுக்கலாம்.

கிரகரி_கரை
பின்: சாய்வு 0.10, கோணல் 0.06. முன்: 0.03, 0.02.

பதுளை_லேத்
பின் 0.25 ஓவர்சைஸ். முன் ஹோன், ரிங் மட்டும்.

நோர்வூட்_ஸ்பேனர்
ஒண்ணு 81, ஒண்ணு 81.25 போட்டா என்ஜின் ஆடாதா? ரெண்டையும் ஒண்ணாப் போடுறதுதானே முறை?

பதுளை_லேத்
ஆடாது. பிஸ்டன் எடை வித்தியாசம் சில கிராம்தான். பார்வைக்குச் சமமா இருக்கணும்கிறதுக்காக நல்ல சிலிண்டர்ல இரும்பைச் சீவி எடுக்கிறது எனக்குச் சரியாப் படல. ஸ்லீவ்ல எத்தனை தரம் வெட்டலாம்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு, அதுல ஒண்ணைச் சும்மா செலவழிக்காதீங்க.

லேத்துக்குக் குடுக்கும்போது பிஸ்டனையும் கையோட குடுங்க. போர் பண்ணி வச்சு, பிறகு பிஸ்டன் தேடக் கூடாது. போர்ட் விளிம்புகளை லேசா மழுக்கச் சொல்லுங்க, கூரா விட்டா புது ரிங் அதுல மாட்டி உடையும். ஹோன் தூளைப் பெற்றோல் ஊத்திக் கழுவினா போகாது. சுடுதண்ணி, சவர்க்காரம், பிரஷ், வெள்ளைத் துணியில கறுப்பு ஒட்டாத வரைக்கும். உடனே ஒயில் பூசுங்க.

ரிங்கைத் தனியா சிலிண்டருக்குள்ள வச்சு வாய் இடைவெளி பாருங்க, 0.3 மி.மீ. சுத்தி வரணும். பூட்டும்போது பிஸ்டன் அம்புக்குறி எக்சோஸ்ட் பக்கம், ரிங் வாய் பள்ளத்துல உள்ள பின்ல உக்காரணும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கிற சர்க்ளிப் பழசு போடவே கூடாது.

கிரகரி_கரை
ஹெட் கேஸ்கட் பாக்க நல்லாத்தான் இருக்கு. அதையே போடலாமா?

லயம்_எண்3
கூடாது. ஹெட்டைக் கண்ணாடி மேல கவுத்து வச்சு 0.1 மி.மீ. ஃபீலர் நுழையுதான்னும் பாருங்க.

ஓட்டிப் பதப்படுத்த முதல் டாங்கிக்கு லீற்றருக்கு 40 மில்லி, டிசி-டபிள்யு3. பிறகு 20. கரையில பைப் தண்ணி குடுத்து ஓட்டும்போது என்ஜினை முதல்ல ஸ்டார்ட் பண்ணி அப்புறம் தண்ணி திறக்கணும், நிப்பாட்டும்போது தண்ணியை முதல்ல மூடணும். மாத்திச் செஞ்சா எக்சோஸ்ட் வழியாத் தண்ணி ஏறி இன்னைக்கு வாங்கின ரிங் நாளைக்குத் துரு.

முக்கியமா ஒண்ணு: உயரத்துக்காக யாராவது கார்புரேட்டர்ல சின்ன மெயின் ஜெட் (பெற்றோல் வர்ற ஓட்டை உள்ள திருகு) போட்டிருக்காங்களான்னு கழட்டின கையோட நம்பரைப் பாத்து எழுதி வைங்க. காத்து மெலிஞ்ச இடத்துல கலவை தடிக்கும், அதனால இங்க சின்ன ஜெட் பாதுகாப்புத்தான். ஆனா அந்த ஜெட்டோடவே போட்டை பெந்தோட்டைக்குக் கொண்டு போனா, கீழ காத்து தடிச்சு கலவை மெலிஞ்சு அன்னைக்கே பிஸ்டன் ஓட்டையாகும்.

கிரகரி_கரை
பூட்டி ஓட்டியாச்சு, பத்து மணித்தியாலம் முடிஞ்சுது. அதே கேஜ், த்ரொட்டில் திறந்து: முன் 121, பின் 119. டாக்கோ 6,050. டாங்கியில அரை லீற்றர் தண்ணி இருந்துச்சு. ஐடில் ஸ்க்ரூ ரெண்டு சுத்து வெளிய எடுத்தாச்சு.

திருமலை_அவுட்போர்ட்
அந்த நம்பரை, திகதியோட, எந்தக் கேஜ் எண்டதையும் சேர்த்து ஹூட்டுக்கு உள்பக்கம் பெயின்ட் பேனையால எழுதி விடுங்கோ. அடுத்த தரம் 150 எங்க எண்டு தேட வேண்டி வராது.